விரல் வைத்துப் பார்த்த வசனம்

கேள்வி: எனக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். தனியாக உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. போகிற வழியிலும் சமையலுக்கு நடுவிலும் மனதுக்குள் ஜெபித்துக்கொள்கிறேன். அது போதாதா? இப்போது வேறொரு நிறுவனத்தில் கூடுதல் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். தேவசித்தம் அறிய, ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் ‘போ’ என்பது போலவும் மறுநாள் ‘இரு’ என்பது போலவும் வசனம் வந்தது. எதை நம்புவது?
– ஒரு வாசகி

பதில்: இரண்டையும் உங்கள் வேலைக்கான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. ஒவ்வொரு வசனமும் யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்பது அதன் முன்னும் பின்னும் இருக்கிறது. விரல் வைக்கும்போது அதெல்லாம் விடுபட்டுப்போகிறது. மிஞ்சுவதில் நம் ஆசையையோ பயத்தையோதான் வாசிக்கிறோம்.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒன்றுதான். ரோமர் 12:2இன் வரிசையைப் பாருங்கள்: முதலில் மனம் புதிதாகிறது, பிறகுதான் தேவசித்தம் இன்னதென்று பகுத்தறிய முடிகிறது. கர்த்தருக்கு எது பிரியம், எது அருவருப்பு என்பது நாள்தோறும் வாசிக்கிறவருக்குள் மெல்ல ஊறுகிறது. முடிவெடுக்கும் நாளில் கைகொடுப்பது அதுதான். பல மாதம் மூடிக் கிடந்த வேதத்திடம் அவசரத்துக்கு ஒரு பதில் கேட்டால் குழப்பமே மிஞ்சும்.

போகிற வழியில் ஜெபிப்பது நல்லது, விடாதீர்கள். அர்தசஷ்டா ராஜா ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டதற்கும் பதில் சொன்னதற்கும் நடுவில் நெகேமியா ஜெபித்தார் (நெகேமியா 2:4). சில நொடிகள்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன், கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறத்தாழ நான்கு மாதம் அவர் இதே காரியத்துக்காக, இடிந்து கிடந்த எருசலேமுக்காக, உபவாசித்து மன்றாடியிருந்தார். அந்தக் குட்டி ஜெபத்துக்கு அடியில் அத்தனை நாள் ஜெபம் இருந்தது. உங்களிடம் மேலே உள்ளது இருக்கிறது, அடியில் உள்ளது இல்லை. எனவே போதாது.

பத்து நிமிடம் போதும், தொடங்குங்கள். கடிகாரத்தோடு அதைக் கட்டாதீர்கள். ‘காலை ஐந்து மணி’ என்று வைத்தால் ஷிப்ட் மாறும் வாரத்திலேயே அறுந்துவிடும். எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு செயலோடு கட்டுங்கள்: தூங்கி எழுந்து முகம் கழுவியவுடன், வேறெதையும் தொடும் முன். இரவு வேலை முடிந்து திரும்பியதும் வேண்டாம், உட்கார்ந்தவுடன் தூக்கம் வந்துவிடும். தூங்கி எழுந்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். வேதம் அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும். போனில் திறந்தால், வந்திருக்கும் செய்திகள் முதல் இரண்டு நிமிடத்தை விழுங்கிவிடும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வேண்டும். பள்ளிக் கட்டணம், கட்டாத பில் என்று ஏதாவது நினைவுக்கு வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். கடைசியில் அந்தக் குறிப்புகளையே ஜெபமாக்கலாம். பிள்ளை எழுந்து வந்தால் மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசியுங்கள்.

எதை வாசிப்பது? மாற்கு சுவிசேஷம். பதினாறு அதிகாரம், நாளுக்கு அரை அதிகாரம் என்றால் சுமார் ஒரு மாதம். 14ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனங்கள், அதை மூன்று நாளாகப் பிரியுங்கள். ஐந்து நிமிடம் வாசிப்பு, ஒரு நிமிடம் அமைதி, மீதி ஜெபம். ஒரே வருடத்தில் வேதம் முழுவதையும் முடிக்கும் அட்டவணையை இப்போது எடுக்க வேண்டாம். மொத்தம் 1,189 அதிகாரம், தினம் மூன்று நான்கு வாசிக்க வேண்டும். லேவியராகமம் வரும்போது நாலு நாள் தவறும், பாக்கி பதினைந்து அதிகாரமாக நிற்கும், அந்தப் பாரத்திலேயே பலர் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு ஒரு நாள் தவறினால் அதற்கு ஈடுகட்டாதீர்கள். அடையாளம் வைத்த இடத்திலிருந்து மறுநாள் தொடருங்கள்.

முதல் வாரத்திலேயே மாற்கு 1:35 வரும். முந்தைய மாலை பட்டணம் முழுவதும் வாசலில் கூடியிருந்தது. அடுத்த நாள் இருட்டோடு இயேசு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடிவந்து ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்கிறார். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எல்லாரும் கூப்பிடும் இடத்தை விட்டு வர வேண்டிய தெளிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வேலை. ‘கதவு திறந்திருக்கிறது’, ‘மனதில் சமாதானம் இருக்கிறது’ என்ற இரண்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். யோனாவுக்கு யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக இருந்தது, கையில் கூலியும் இருந்தது, ஏறியதும் அயர்ந்து தூங்கினார். போனதோ கர்த்தரை விட்டு ஓடுகிற வழி. கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்த இயேசுவோ வியாகுலப்பட்டார். அதேபோல், சேர்ந்த பிறகு கஷ்டம் வந்தால் ‘தப்பான முடிவு’ என்றும் அவசரப்பட வேண்டாம். ஆசியாவிலும் பித்தினியாவிலும் தடைபட்டு, தரிசனம் கண்டு, தேவனே அழைத்தார் என்று நிச்சயித்து மக்கெதோனியாவுக்குப் போன பவுல், பிலிப்பியில் அடிபட்டுச் சிறையில் கிடந்தார்.

கேட்டு விசாரிப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோசுவா 9இல், பக்கத்தில் குடியிருந்த கிபியோனியர் தூரதேசத்தார் போல நடித்து உடன்படிக்கை கேட்டு வந்தபோது, அவர்கள் கொண்டுவந்த பூசணம் பூத்த அப்பத்தை இஸ்ரவேலர் பார்த்தார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. அதுதான் குற்றமாக எழுதப்பட்டது, அப்பத்தைப் பார்த்தது அல்ல. இரண்டும் செய்யுங்கள். புதிய இடத்தில் வேலை நேரம் என்ன, ஞாயிறு விடுமுறை உண்டா, நீங்கள் இல்லாதபோது பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், பொய்க்கணக்குக்குக் கையெழுத்துப் போடும் நிலை வருமா என்று ஒரு தாளில் எழுதிப் பதில் தேடுங்கள். வேதம் வெளிப்படையாக விலக்கியது ஏதாவது அதில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், மேலும் ஜெபிக்கத் தேவையில்லை. கணவரோடு பேசுங்கள். முதிர்ந்த விசுவாசிகள் இருவரிடமும் கேளுங்கள், அதில் ஒருவர் உங்களுக்கு ஒத்து ஊதாதவராக இருக்கட்டும். சம்பளம் ஏறாவிட்டாலும் போவேனா என்று உங்களையே கேட்டு, பதிலை அப்படியே கர்த்தரிடம் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் விசாரிப்புக்கும் பேச்சுக்கும். மூன்றாவது வாரத்தில், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடிவைச் சொல்லிவிடுங்கள். அதற்குள் வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்காவிட்டால் பரவாயில்லை. யாக்கோபு 1:5 ஞானத்தைத் தருவதாகத்தான் வாக்களிக்கிறது. ஞாயிறு விடுமுறை பற்றி அவர்கள் வாயால் சொல்வதை வைத்துச் சம்மதிக்காமல், பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.