டாக்டர் சீட்டுக்காக வீட்ட அடமானம் வெக்காதீங்க அக்கா

அக்கா, போன வாரம் நீங்களும் பிள்ளையும் வந்துட்டுப் போனதிலேர்ந்து இதேதான் மனசுல ஓடிக்கிட்டிருக்கு. எஸ்.டி.பி.எம். பரீட்சையில நாலுக்கு 3.58 எடுத்த பிள்ள, நீங்க என்னடான்னா எழவு வீட்டுலேர்ந்து வந்த மாதிரி உக்காந்திருந்தீங்க. கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டேன், அது என் தப்பு.

இப்ப நேராவே சொல்றேன், ஏஜென்ட் காட்டுற அந்த வெளிநாட்டு டாக்டர் படிப்பு வேணாம். கே.எல். சித்தப்பாவுக்குக் கல்யாண வீட்டுல "எங்க குடும்பத்துல ஒரு டாக்டர்"னு சொல்லிக்க ஆச, சரி, பீஸ அவரா கட்டப் போறாரு? தோட்டத்து லயத்த விட்டு வந்து அண்ணன் லாரி ஓட்டி சுங்கை சிப்புட்ல வாங்குன வீடு அது. முடிச்சிட்டு வந்தாலும், 2016 டிசம்பர்லேர்ந்து புது டாக்டருங்களுக்கு கான்ட்ராக்ட் வேலதான்னு ஆயிருச்சு, 2021 ஜூலை 26 கறுப்பு உடுப்புல ஹர்தால் பண்ணாங்களே, டிவியில பாத்தீங்கல்ல?

அக்கவுண்டிங், நர்சிங்லாம் ஊரே சொல்லும், நான் அதுக்குள்ள போகல.

நீங்க டாய்லெட் போயிருந்தப்ப பிள்ள போன்ல ஒரு போட்டோ காட்டுச்சு. ஹார்லிக்ஸ் போத்தல்ல காப்பர் சல்பேட், நூல்ல தொங்குது, நீலமா ஒரே ஒரு கிரிஸ்டல் கல்லு. மொதல்ல அடியில பொடிப் பொடியாத்தான் வந்துச்சாம், எல்லாத்தையும் கரைச்சு மறுபடி வெச்சு மூணு வாரம் காத்திருந்துச்சாம். அந்த "மறுபடி"தான்கா விஷயம்.

இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க. நம்ம உடம்புல ஆர்.என்.ஏ.ன்னு ஒரு மூலக்கூறு இருக்கு, கொரோனாவுக்கு பைசர் ஊசி போட்டோமே, அந்த ஊசியில இருந்தது இதுல ஒரு வகை. அது எப்படி மடங்கி என்ன உருவத்துல இருக்குன்னு பாக்க ஒரு வழி, அத கிரிஸ்டலாக்கி எக்ஸ்ரே அடிக்கறது. மொதல்ல ஆர்.என்.ஏ.வ செஞ்சுக்கணும், அத உண்டாக்குற டி7 பாலிமெரேஸ்னு ஒரு என்சைம போட்டு 37 டிகிரியில சில மணி நேரம் வெப்பாங்க, நல்லா ஓடுச்சுன்னா டியூப் அரிசி கழுவுன தண்ணி மாதிரி கலங்கும். அப்புறம் யூரியா போட்ட ஜெல்ல ஓட்டிப் பிரிச்சு, யூ.வி. வெளக்குக்குக் கீழ வெச்சா ஆர்.என்.ஏ. இருக்குற எடம் மட்டும் நெழலா தெரியும், பிளேடால அத வெட்டி எடுக்கணும். வெறும் வெரல் பட்டாப் போதும், நம்ம தோல்ல இருக்குற என்சைம் மொத்தத்தையும் தின்னுடும், கையுறை இல்லாம பக்கத்துலயே போவக்கூடாது.

கடைசியா கண்ணாடிச் சில்லுல ஒரு மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏ., ஒரு மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல், அதே கரைசல் நெறய இருக்குற குழி மேல கவுத்துப் போட்டு மூடி ஓரத்துல கிரீஸ் தடவி விட்டுடறது. சொட்டுல இருக்குற தண்ணி மெல்ல மெல்ல ஆவியாகி குழிக்குப் போயி சொட்டு கெட்டியாகும். அவசரப்பட்டா பொடியாப் போயிடும். ஆர்.என்.ஏ. மேல பூரா நெகட்டிவ் சார்ஜ், ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், அத அடுக்கி நிக்க வெக்க பாசிட்டிவ் சார்ஜ் இருக்குற மக்னீசியம், ஸ்பெர்மின்ங்கற பொருள்னு என்னென்னமோ மாத்தி மாத்திப் போடணும். உங்கம்மா தோட்டத்து ஸ்டோர்ல ரப்பர் பால்ல ஆசிட் ஊத்தி உறைய வெச்சவங்க, அளவு தப்புனா ரப்பர் ஷீட்டு என்னாகும்னு அவங்களக் கேளுங்க, எனக்கும் மேல சொல்வாங்க.

சிதம்பரத்துல பொறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், படிச்சது பிசிக்ஸ், பிஎச்.டி.யும் அதுலதான், பெறவுதான் இந்தப் பக்கம் வந்து, உடம்புல புரதம் செய்யற குட்டி மெஷின் மாதிரி இருக்குற ரைபோசோம் உருவத்த கிரிஸ்டல் வெச்சே கண்டுபிடிச்சு 2009ல நோபல் வாங்குனாரு, ரெண்டு பேரோட சேர்ந்து. ரைபோசோம்ல பெரும்பங்கு ஆர்.என்.ஏ.தான்.

ஒளிக்காம சொல்லிடறேன், இதே வேலைன்னு மலேசியாவுல வரிசையா இல்ல. இப்ப கிரிஸ்டல் இல்லாமலே, உறைய வெச்சுப் பாக்கற க்ரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பாக்கவும் ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா சுத்தமான ஆர்.என்.ஏ. தயார் பண்ணத் தெரிஞ்ச கை அங்கயும் வேணும், மருந்துக் கம்பெனி லேப்லயும் வேணும்.

அதனால அரசாங்க யுனிவர்சிட்டிக்குப் போடற யூ.பி.யூ. பாரத்துல மொத சாய்ஸ் பயோகெமிஸ்ட்ரி, மலாயா, கெபாங்சான், புத்ரா யுனிவர்சிட்டி மூணுலயும் இருக்கு. டிகிரிக்கு பி.டி.பி.டி.என். கல்விக் கடன் போதும். மாஸ்டர்ஸ், பிஎச்.டி.க்கு உங்க காசுல ஒரு சென் போடக் கூடாது, ஆராய்ச்சி கிராண்ட்லேர்ந்து அலவன்ஸ் தர்ற சூப்பர்வைசர் கெடச்சாத்தான் சேரணும், இல்லன்னா வேலைக்குப் போவட்டும். இதுல நான் எறங்கி வர மாட்டேன்.

ஏஜென்ட்டுக்கு இன்னும் டெபாசிட் கட்டலல்ல? கட்டாதீங்க. சித்தப்பா நம்பர எனக்கு அனுப்புங்க, நானே பேசறேன். சனிக்கெழம பிள்ளய மட்டும் அனுப்புங்க, பாரம் ரொப்பணும், வரும்போது அந்த போத்தலயும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.