பழைய பியட்டை வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன், வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். ஊர் திண்டுக்கல். இதுவரை ஸ்கூட்டர்தான். அவசரத்துக்கு மைத்துனர் காரை வாங்கி ஓட்டுவேன், லைசென்ஸ் இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் தெரு டாக்டர் வெள்ளை பியட் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவ என்னைக் கூப்பிடுவார். அந்த என்ஜின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போதிருந்தே அப்படி ஒரு வண்டி வேண்டும் என்று ஆசை.

இப்போது மதுரையில் அதே பியட் வகையில் 1986-ஆம் வருட பத்மினி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓசூரில் இருக்கும் மகன், "அதெல்லாம் வேண்டாம்பா, புது ஆட்டோமேட்டிக் எஸ்யூவி எடுங்க, 12 லட்சத்தில் முடிந்துவிடும், அம்மாவுக்கு முட்டி வலி வேற" என்கிறான். மகள் காரே வேண்டாம், டெபாசிட்டில் போடுங்கள் என்கிறாள். கும்பகோணம் பக்கத்துக் கோயில்களை நிதானமாகப் பார்க்கவேண்டும், கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கவேண்டும் என்பது எனக்கும் மனைவிக்கும் ஆசை. இந்த வயதில் பழைய கார் தேவையா? எதை வாங்கலாம்?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

தேவை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பாதித்த காலம் முழுக்க வீட்டுக்காகச் செலவு செய்தவர், பணிக்கொடையில் ஒரு சின்னப் பங்கை எடுத்துத் தன் ஆசைக்கு வைத்துக்கொள்வதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று டாக்டர் வீட்டு பியட். இன்னொன்று மனைவியோடு போகும் பயணம். இரண்டையும் ஒரே வண்டியின் தலையில் ஏற்றுவதால்தான் இந்தக் குழப்பம். பிரித்துப் பாருங்கள், பாதி தெளிந்துவிடும்.

முதலில் பயணம். மகன் சொல்லும் வண்டிக்கு 12 லட்சம். அந்தப் பணம் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருடத்துக்கு 84,000 ரூபாய் வரும். திண்டுக்கல்லிலிருந்து கும்பகோணம் சுமார் 200 கிலோமீட்டர். டிரைவரோடு ஒரு வாடகைக் கார் எடுத்தால், கிலோமீட்டருக்கு 14 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் கணக்கு, இரண்டு நாளுக்கு 8,400. பேட்டா, டோல் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடியும். ஆக, அசலில் கை வைக்காமல் வட்டியிலேயே வருடம் எட்டுப் பயணம் போகலாம். இன்சூரன்ஸ் இல்லை, சர்வீஸ் இல்லை, வருடா வருடம் விலை இறங்கும் கவலை இல்லை. நீங்களும் பின்னிருக்கையில் மனைவியோடு பேசிக்கொண்டே போகலாம், திருவிடைமருதூரில் இறங்கி நிதானமாகக் கோபுரம் பார்க்கலாம், பார்க்கிங் தேட வேண்டாம். தினமும் ஓடுகிறவர்களுக்குப் புது எஸ்யூவி சரி. உங்கள் தேவைக்கு அது பெரிய செலவு. மகளின் டெபாசிட் யோசனையும் இதில் நிறைவேறிவிடுகிறது.

மகன் சொல்வதில் அம்மாவின் முட்டி பற்றிய பகுதி மட்டும் முழுக்க நியாயம். வாடகைக்கு எடுக்கும்போதும் அதைப் பாருங்கள். இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு வரவேண்டும். அப்போதுதான் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிறகு காலை உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். தாழ்வான செடானில் குனிந்து இறங்கி, முட்டியில் முழு பாரத்தையும் கொடுத்து எழவேண்டியிருக்கும். பத்மினியிலும் அவரை நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

இனி பியட். 1964-இல் பியட் 1100 டிலைட் என்று வந்த வண்டி, 1974-லிருந்து பிரீமியர் பத்மினி. பெயர் மாறிய பிறகும் நம் ஊரில் அது பியட்தான். 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங் பக்கத்தில் கைக் கியர், முன்பக்கம் நீள சீட்டு, கதவில் திருப்பி வைக்கும் முக்கோணக் கண்ணாடி. ஏசி இல்லாத அந்தக் காலத்தில் அந்தக் கண்ணாடியை உள்பக்கம் திருப்பிவிட்டால் காற்று நேராக நெஞ்சில் வந்து மோதும். நானும் சில வருடங்கள் ஒன்று வைத்திருந்தேன். காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்து, சுருதி சேரும்வரை காத்திருந்து, மெதுவாகச் சோக்கை உள்ளே தள்ளும்போது என்ஜின் சத்தம் இறங்கி நிதானத்துக்கு வரும். நீங்கள் காதில் இருப்பதாகச் சொல்வது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்காக ஒருவர் அந்த வண்டியை வாங்குவது எனக்கு முழுக்கப் புரிகிறது.

ஆனால் மதுரைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. காரைப் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பாருங்கள். திண்டுக்கல்லிலேயே, ஐம்பது வயதைத் தாண்டிய, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து டியூனிங் செய்யத் தெரிந்த ஒருவர். இன்றைய சர்வீஸ் சென்டர் பையன்கள் கம்ப்யூட்டரைச் சொருகிக் கோளாறு பார்ப்பவர்கள், பத்மினியில் சொருக இடமே கிடையாது. அதை ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால், அவரையே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூலி கொடுத்து, சாப்பாடு வாங்கிக்கொடுத்து. கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் வாங்காதீர்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன், ஏனென்றால் ஷெட்டில் மூடிப்போட்ட பழைய கார்கள் பெரும்பாலும் வண்டி கெட்டதால் நிற்கவில்லை, பார்க்க ஆள் இல்லாமல் நிற்கின்றன. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. இத்தனை காலம் அந்த டாக்ஸிகளை நம்பித்தான் நிறைய உதிரி பாகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இனி தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும். (அம்பாசடர் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன், அது 2014 வரை தயாரானது. ஆனால் உங்கள் ஆசை அது இல்லையே.)

வண்டியைப் பார்க்கும்போது பெயின்ட்டில் மயங்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், டிக்கியின் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். தகரம் இருக்கும் இடத்தில் டக்கென்று பிடிக்கும். துரு அரித்த ஓட்டையைப் பட்டி போட்டு மூடியிருந்தால் நழுவும். உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, கால் வைக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். என்ஜினுக்கு மோசமான நிலை வந்தாலும் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, மீட்டுவிடலாம், அடித்தகரம் போன வண்டிக்குச் செலவு முடியவே முடியாது. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வருகிறதா என்று மெக்கானிக் பின்னால் நின்று பார்க்கட்டும். கைக் கியரில் ஒன்றும் இரண்டும் மாட்டிக்கொள்ளாமல் விழுகிறதா என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள், கியரை இணைக்கும் கம்பிகளின் புஷ் தேய்ந்திருந்தால் சிக்னலில் கியர் விழாமல் தவிப்பீர்கள்.

இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1986-இல் யாரும் அதை நினைத்து ரப்பர் செய்யவில்லை. பெட்ரோல் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வையும் வாங்கிய வாரமே, எத்தனால் தாங்கும் சரக்காகப் பார்த்து மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் உள்ளே துரு பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது எடுத்து ஓட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

கொடைக்கானலுக்கு மட்டும் இதில் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வத்தலக்குண்டுப் பக்கம் மலை இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே பிடித்து வராவிட்டால் டிரம் சூடேறி மிதிக்கு மிதி பிடிப்பு குறையும். ஏறும்போது என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் வழியில் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்து கிளப்புவார்கள். பழகிய கைக்கு அது ஒன்றுமில்லை. நீங்கள் பழகவே ஒரு வருடம் ஆகும். முன்னிருக்கை பெல்ட் 1994-இல்தான் கட்டாயமானது, உங்கள் வண்டியில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் சேசிஸில் பிடிமானம் பார்த்து பெல்ட் பொருத்தச் சொல்லுங்கள். நத்தம் ரோடு, வேடசந்தூர், சின்னாளபட்டி என்று விடிகாலையில் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவரும் தூரம்தான் இந்த வண்டிக்கு. அதிலேயே உங்களுக்குத் திருப்தி கிடைக்கும்.

காகிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டேஜ் பதிவு 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான், இதற்குக் கிடையாது. அது ஒரு வகையில் நல்லது, விண்டேஜ் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது. 15 வருடம் முடிந்த வண்டி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்டிஓ முன் நின்று ஆர்சி புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. விற்பவர் புதுப்பிக்காமல் வைத்திருந்தால், புதுப்பித்துக் கொடுத்த பிறகு பணம் என்று சொல்லிவிடுங்கள். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். விலை எவ்வளவு பேசி முடிக்கிறீர்களோ அதே அளவு இன்னொரு தொகையை முதல் வருட வேலைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அது உங்களால் முடியாது என்றால் விலை உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம்.

மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், சண்டை வேண்டாம். அவன் பயம் அம்மாவின் பாதுகாப்பு பற்றியது. நீண்ட பயணத்துக்கு ஏர்பேக் உள்ள வாடகைக் கார், பக்கத்து ஊருக்கு மட்டும் பத்மினி என்றால் அவன் ஒத்துக்கொள்வான் என்றே நினைக்கிறேன்.

உங்கள் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்றும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இந்த வயதில் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும், கண் பரிசோதனையையும் சேர்த்தே முடித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கிடைத்தாரா, வண்டியைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.