வெளிநாட்டில் படிக்கப் போன மாணவராக, ஓர் ஐரோப்பிய நகரத்தை நண்பர்களுடன் முதன்முதலில் சுற்றிப் பார்த்த நாள் எப்படி இருந்தது?

நான் முதுகலை படித்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, விடுதியில் ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொண்ட நான்கு பேர் ஊர் பார்க்கக் கிளம்பினோம். கொச்சியிலிருந்து வந்த ஒரு பெண், கானாவிலிருந்து வந்த ஒருவர், கிரேக்கத்து மாணவி ஒருத்தி, நான். எல்லோரிடமும் இருந்தது எண்ணி வைத்த பணம். ஆகவே, காசு கொடுத்து நுழைய வேண்டிய எந்த இடத்துக்குள்ளும் போவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டோம். கோட்டை அந்த நிமிடமே பட்டியலிலிருந்து கழன்றது. இன்று யாராவது யோசனை கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்: முதல் நாள் கோட்டைக்குள் போகாதீர்கள். அந்த ஊரின் மேடு பள்ளம் காலுக்குப் பிடிபடும் வரை மற்றதெல்லாம் வெறும் புகைப்படம்தான்.

மேடு பள்ளம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். எங்களுக்கு அது தெரியவந்தது நான்காம் ஜார்ஜ் பாலத்தில். பெயர் பாலம், பார்வைக்கு இரு பக்கமும் கட்டிடங்கள் நெருங்கி நிற்கும் சாதாரணத் தெரு. தண்ணீரின் அடையாளமே இல்லை. கௌகேட் என்ற தெருவுக்குப் போக வேண்டும், இதோ அதன்மேல்தான் நிற்கிறீர்கள் என்று கைபேசி வரைபடம் அடித்துச் சொன்னது. இடப்பக்கம் திரும்பினால் சுவர், வலப்பக்கம் திரும்பினால் கடை. கானா நண்பர் கைபேசியை அணைத்து மறுபடி இயக்கிப் பார்த்தார். கட்டிடங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்த கொச்சிக்காரி, "ஐயோ, இங்கே வாருங்கள்" என்றாள். எங்கள் காலுக்குக் கீழே, பல மாடி ஆழத்தில், இன்னொரு தெரு ஓடிக்கொண்டிருந்தது. கார்கள், மதுக்கடை வாசலில் பீப்பாய் உருட்டும் ஆள், எல்லாம் அங்கே. நாம் தரைத்தளம் என்று நினைத்து நுழைகிற கட்டிடத்துக்கு அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் அது நான்காவது, ஐந்தாவது மாடி. வரைபடம் சொன்னது பொய்யில்லை. ஊரைத் தட்டையாக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. ஊர் தட்டையாக இல்லை.

இதற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. கோட்டை நிற்கும் பாறை, ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலை ஒன்றின் தொண்டையில் உறைந்த கல். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளங்களால் அதை அறுக்க முடியவில்லை. இருபுறமும் சுரண்டிப் பள்ளமாக்கிவிட்டுப் போய்விட்டன. பாறையின் மறைவில் தப்பித்த மென்மையான நிலம் கிழக்கே வால்போல நீண்டு இறங்குகிறது. அந்த வாலின் முதுகில் போட்ட சாலைதான் ராயல் மைல், கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை சுமார் 1.8 கிலோமீட்டர். அதன் இரு பக்கமும் மீன் முள்ளைப்போலச் சந்துகள் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. இந்தச் சந்துகளை அங்கே குளோஸ் என்கிறார்கள். பழைய நகரத்தைச் சுற்றி மதில் இருந்ததால் மக்கள் பெருகப் பெருக வீடுகள் பக்கவாட்டில் பரவ இடமில்லை, மேலே ஏறின. 17ஆம் நூற்றாண்டிலேயே அடுக்குமாடி வீடுகள். கழிவு நீர் சன்னல் வழியாகத் தெருவுக்கு. அதை நினைத்துக்கொண்டே அட்வகேட்ஸ் குளோஸின் படிகளில் இறங்கினால் கண் தானாகவே மேல் சன்னல்களுக்குப் போகிறது.

ராயல் மைலின் மேல் முனையில், கோட்டைக்குச் சற்று முன்னால், வெள்ளைக் கும்மட்டத்தோடு ஒரு கோபுரம் நிற்கும். கேமரா அப்ஸ்கியூரா என்று பலகை; வெளியே தெரியும் ஊரின் பிம்பத்தை இருட்டறைக்குள் விழவைத்துக் காட்டும் அமைப்பு அது. டிக்கெட் உண்டு என்பதால் வாசலோடு கடந்துவிட்டோம். பல மாதம் கழித்து நூலகத்தில் வேறு எதையோ தேடும்போதுதான் அது யார் கோபுரம் என்று தெரிந்தது. 1892இல் அதைத் தன் பொறுப்பில் எடுத்தவர் பேட்ரிக் கெடஸ், நகரமைப்பு அறிஞர். விருந்தினர்களை நேரே உச்சிக்கு ஏற்றி ஊரைக் காட்டுவாராம். பிறகு தளம் தளமாகக் கீழே: எடின்பரோவுக்கு ஒரு தளம், ஸ்காட்லாந்துக்கு ஒரு தளம், ஐரோப்பாவுக்கு ஒன்று, தரையில் உலகம். இதே கெடஸ் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1914இல் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்கள் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தன. அதை மூழ்கடித்தது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்; சில வாரங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே எம்டன்தான். மனிதர் அசரவில்லை. படங்களையும் வரைபடங்களையும் மறுபடி திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். நெரிசலான தெருவை இடித்து அகலச் சாலை போடாதீர்கள். பாழான சில வீடுகளை மட்டும் எடுத்துக் காற்றுக்கு வழிவிடுங்கள் என்பது அவருடைய வாதம். தஞ்சாவூருக்கு அவர் சொன்ன இந்த வைத்தியத்தை முதலில் செய்துபார்த்தது எடின்பரோவில்தான். 1880களில் மனைவியோடு ஜேம்ஸ் கோர்ட் என்ற பாழடைந்த முற்றத்துக்கே குடிபோய், சுற்றியிருந்த வீடுகளைச் சீர்செய்தார். பக்கத்தில் மாணவர் விடுதியும் தொடங்கினார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற சந்துகளுக்கு அடுத்த வாசல் அது.

அங்கிருந்து மவுண்ட் (Mound, மண்மேடு) என்ற சரிவில் இறங்கினோம். அது இயற்கையான மேடு அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் புதிய நகரம் கட்ட அஸ்திவாரம் தோண்டிய மண்ணை, ஏறக்குறைய 15 லட்சம் வண்டி, கொண்டுவந்து கொட்டிய கரை. நடுவே இருந்த நாற்றமெடுத்த ஏரியை வற்றவைத்த இடத்தில் இன்று பிரின்சஸ் ஸ்ட்ரீட் பூங்கா இருக்கிறது. அதன் பெஞ்சில்தான் மதியச் சாப்பாடு. நான் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைக் கானா நண்பர் இரண்டு வாய் சாப்பிட்டு, "இதற்குக் காரம் போட மறந்துவிட்டீர்கள்" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கடற்பறவை தலைக்கு மேலாக வந்து கிரேக்கப் பெண்ணின் கையிலிருந்த ரொட்டியை முழுசாக எடுத்துக்கொண்டு போனது. காக்கைக்குச் சோறு வைத்துப் பழகியவர்கள் இந்தப் பறவையிடம் ஏமாற வேண்டாம். வைக்கும்வரை காத்திருக்கிற பண்பு அதற்குக் கிடையாது. அடுத்த கணம் கோட்டையிலிருந்து ஒரு வெடிச்சத்தம். கொச்சிக்காரி பெஞ்சைவிட்டு எழுந்தே விட்டாள். பக்கத்தில் இருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு நாளிதழுக்குத் திரும்பினார்.

மாலையில் கால்ட்டன் குன்று. ஏற பத்து நிமிடம்கூட ஆகாது. மேலே ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலின் நகலாக 12 தூண்கள். நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னமாக 1826இல் தொடங்கி, 1829இல் பணம் தீர்ந்து நின்றது. ஊர்க்காரர்கள் இதை 'எடின்பரோவின் அவமானம்' என்றும் சொல்வதுண்டு. பீடத்தின் முதல் படியே இடுப்பைத் தாண்டுகிறது. ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுத்தான் ஏறினோம். கிரேக்கப் பெண் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கள் ஊரில் இடிந்து நிற்கிறது, இங்கே கட்டாமல் நிற்கிறது. நுழைவுச் சீட்டு இல்லை என்பதால் இதுவே மேல்."

மதியத்து வெடிக்கு விளக்கம் அங்கேதான் கிடைத்தது. பக்கத்திலிருக்கும் நெல்சன் கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய பந்து. சரியாக ஒரு மணிக்கு அது கீழே விழும். அந்தக் காலத்தில் லீத் துறைமுகத்துக் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. கடல் மூடுபனி வந்தால் பந்து எங்கே தெரியும்? அதனால் 1861 முதல் கோட்டையில் பீரங்கியும் வெடிக்கிறார்கள்.

இறங்கி வந்து சிப்ஸ் வாங்கினோம். உப்பும் சாஸுமா என்று கடைக்காரர் கேட்டார். எடின்பரோவில் அந்தப் பழுப்பு சாஸ்தான். கிளாஸ்கோ ஆட்கள் வினிகர் கேட்டு முகம் சுளிப்பார்கள். பிறகு மாடி பஸ்ஸில் மேல் தளத்து முன் இருக்கையைப் பிடித்து விடுதி திரும்பினோம்.

நீங்கள் போவதாக இருந்தால் குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். செருப்பு அல்ல, பிடிப்புள்ள காலணி. மழை பிடித்துக்கொண்டால் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் இலவசம்; குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டின் பாடம் செய்த உடலும் அங்கேதான் இருக்கிறது. பீரங்கிச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று வெடிக்க மாட்டார்கள்.