மகள் நாவல் எழுதப் போகிறாள்: மதுரைத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் தாங்கள், பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு நாவல் எழுதப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து உறக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதட்டும், ஆனால் படிப்பை நிறுத்த வேண்டாம். இதுவே என் கருத்து. மகளும் இதை ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணம் என் அறிவுரை அல்ல. சென்ற வாரம் அவர் எடுத்து வந்து காட்டிய நோட்டுப் புத்தகம்தான்.

அதில் தொண்ணூறு பக்கங்கள் எழுதியிருந்தார். நடை நன்றாக இருக்கிறது. பூக்கட்டும் பாட்டியின் விரல்களைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் எழுபது பக்கம் வரை கிராமம், கண்மாய், பூந்தோட்டம், திருவிழா என்று வர்ணனை செல்கிறதே தவிர எதுவும் நிகழவில்லை. "இந்தக் கதையில் யாருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் தடுப்பது எது?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, அடமானத்தில் போன அரை ஏக்கர் பூந்தோட்டத்தைப் பாட்டி மீட்க நினைப்பதாகவும், மாமா அதற்குக் குறுக்கே நிற்பதாகவும் சொன்னார். அந்த அடமானம் முதன்முதலாகப் பேசப்படுவது எழுபத்தொன்றாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்து, முந்தைய எழுபது பக்கங்களில் தேவையானவற்றை மட்டும் ஆங்காங்கே சேர்க்கலாம் என்று அவரே முடிவு செய்தார்.

அடுத்தது காலக்கணக்கு. கதையில் மார்கழி மாதத்தில் ஒரு திருமணம் நடக்கிறது. பந்தல் முழுவதும் மல்லிகைச் சரம். "இன்றைக்குப் பூ மலிவு" என்கிறார் பாட்டி. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதும், மார்கழியில் நம் பக்கத்தில் யாரும் முகூர்த்தம் வைப்பதில்லை என்பதும் பூ வியாபாரியின் மகளுக்குத் தெரியாததல்ல. நடந்தது என்னவென்றால், அந்தத் திருமணம் முதல் வரைவில் வைகாசியில் இருந்திருக்கிறது. பொங்கலுக்கு ஊர் வரும் மாமாவுக்குத் தெரியாமல் அது முடிந்துவிட வேண்டும் என்பதற்காக முன்னே நகர்த்தியபோது, மாதம் மட்டும் நகர்ந்தது. பூவும் விலையும் வைகாசியிலேயே நின்றுவிட்டன. நினைவை நம்பி நீண்ட கதை எழுதுகிற எவருக்கும் நேரக்கூடிய பிழைதான் இது.

ஆகவே அத்தியாயத்துக்கு ஒரு தாள் வீதம் எடுத்துக்கொண்டு, மேலே தமிழ் மாதத்தையும் கதைமாந்தரின் வயதையும் குறித்து, கீழே அந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது, முடியும்போது யாருக்கு என்ன தெரிந்துவிடுகிறது, எந்தக் கேள்வி மிச்சம் நிற்கிறது என்ற மூன்றை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கேள்வி எதுவும் மிஞ்சாத அத்தியாயத்தை வேறொன்றோடு இணைத்துவிடலாம். எழுத எழுதக் கதை வேறு பக்கம் திரும்பினால் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் வைக்கட்டும். முன்கூட்டித் திட்டமிடாமலேயே நல்ல நாவல் எழுதுவோரும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

நாவலின் அளவும் கதையைப் பொறுத்ததே. மதுரையில் தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்த ஜி. நாகராஜன், ஒரு மனிதனின் ஒரே நாளைக் கொண்டு 'நாளை மற்றுமொரு நாளே' என்ற சிறிய நாவலை அமைத்தார். அது 1974இல் வெளிவந்தது. (அவருடைய வாழ்க்கையை முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன், நாவலின் கட்டமைப்பையே சொல்கிறேன்.) மறுபுறம் சு. வெங்கடேசன், பல நூற்றாண்டு மதுரை வரலாற்றை உள்ளடக்கிய 'காவல் கோட்ட'த்துக்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்தார். 2008இல் வெளிவந்த அந்நாவலுக்கு 2011ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தங்கள் மகளின் கதை அடமானப் பத்திரம் எழுதிய நாளிலிருந்து மீட்கும் கெடு முடியும் நாள் வரை, மூன்றே ஆண்டுகளில் அடங்கிவிடும். முப்பது அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் 2,000 சொற்கள் என்றால் மொத்தம் 60,000 சொற்கள். நாளொன்றுக்கு 400 சொற்கள் வீதம் வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் வாரம் ஓர் அத்தியாயம்; முப்பது வாரத்தில் முதல் வரைவு முடியும். தேர்வுக் காலங்களை விட்டுக் கணக்கிட்டாலும் ஓராண்டுக்குள் அடங்கும். திருத்தி எழுத இன்னும் அதே அளவு காலம் ஆகும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கணித மாணவியாயிற்றே, இந்தக் கணக்கைக் கேட்டதும் விடுப்புப் பேச்சை அவரே நிறுத்திக்கொண்டார்.

இனி வருமானம். 300 ரூபாய் விலையுள்ள நாவல் 500 படிகள் விற்று, எழுதியவரின் பங்காகப் பத்து விழுக்காடு ராயல்டி கிடைத்தால் வருவது 15,000 ரூபாய். தங்களுக்கு அது நல்ல முகூர்த்த நாளொன்றின் விற்பனைக்குக்கூட ஈடாகாது. எனவே பட்டத்தை முடிப்பதும், அதன் வழியே ஆசிரியப் பணிக்கோ வங்கித் தேர்வுகளுக்கோ தயாராவதும் அவசியம். எழுத்துப் பயிற்சியால் பதிப்பகத்தில் பிறர் எழுதியதைத் திருத்திச் செம்மையாக்குதல், மொழிபெயர்ப்பு, இணையத்துக்கான உள்ளடக்கம் எழுதுதல் போன்ற வேலைகளும் அமையக்கூடும். 35 வயதுக்கு உட்பட்டோருக்குச் சாகித்திய அகாதெமி வழங்கும் யுவ புரஸ்கார் விருதும் உண்டு. ஆனால் விருதை நம்பி எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது.

ஒன்றை மட்டும் தாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் போடுவதற்கு எழுதியவரிடமே பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருடையதாகிவிடும். அதற்குப் பதிவு கட்டாயமில்லை. அதை மொத்தமாக எழுதிக் கொடுக்காமல், எத்தனை ஆண்டுகள், எத்தனை விழுக்காடு என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற வேண்டும். தோட்டக் குத்தகைப் பத்திரத்தைத் தாங்கள் எப்படிப் படித்துப் பார்ப்பீர்களோ, அப்படி இதையும் படியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மகள் முப்பது தாள்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாங்களும் உடன் வாருங்கள். வரும்போது கடையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வாருங்கள். திருமண அத்தியாயத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. வைகாசியில் பூ என்ன விலைக்குப் போனது என்று தங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.