ஒளிக்குப் பதிலாக மின்னேற்றமுள்ள துகள்களால் விண்பொருட்களை அவதானிக்கலாமா? மட்டக்களப்புப் பாடசாலை ஒன்றில் எதைச் செய்து பார்க்கலாம்?

விண்பொருளைப் படம் பிடிப்பது என்றால், பெரும்பாலும் முடியாது. பால்வீதியின் காந்தப்புலம் துகளை வளைத்துவிடும். சுமார் 3 மைக்ரோகவுஸ் புலத்தில் 10¹⁵ இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள புரோத்தன் ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு ஆரையில் சுற்றும். சூரியனை விட்டால் கிட்டிய உடுவே 4 ஒளியாண்டுக்கு அப்பால். விழும் திசையை வைத்துப் புறப்பட்ட இடத்தைச் சொல்ல வழியில்லை.

10²⁰ இலத்திரன்வோல்ற்று அளவில் புரோத்தனின் வளைவு சில பாகையாகக் குறையும். ஆனால் அப்படிப்பட்டது சதுர கிலோமீற்றருக்கு நூற்றாண்டில் ஒன்றுதான் விழும். அதனால்தான் ஆர்ஜென்ரீனாவின் பியர் ஓஜே ஆய்வுகூடம் இவற்றைப் பிடிக்க 12 தொன் நீர்த் தாங்கிகள் 1660ஐ 3000 சதுர கிலோமீற்றரில் பரப்பியிருக்கிறது. 2017இல் அவர்கள் காட்டியதும் வானின் ஒரு பக்கத்திலிருந்து சற்றுக் கூடுதலாக வருகிறது என்பதையே. தனிப் பொருளை அல்ல. துகள்களில் தெளிவாகத் தெரியும் விண்பொருள் சந்திரன்தான், அதுவும் துகள்களை மறிப்பதால் விழும் நிழலாக.

மட்டக்களப்பில் செய்யத்தக்கது கிழக்கு–மேற்கு வேறுபாடு. காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால் நமக்கு இது வாய்ப்பான இடம். விண்வெளியிலிருந்து வரும் இத்துகள்களில், அதாவது அண்டக்கதிர்களில், பெரும்பாலானவை நேரேற்றமுள்ளவை. பூமியின் காந்தப்புலம் அவற்றை ஒரே பக்கமாக வளைப்பதால் மேற்கிலிருந்து கூடுதலாக வரும்.

துகள் பட்டால் மினுங்கும் சிண்டிலேற்றர்த் தகடு, 20 சென்ரிமீற்றர் சதுரமானவை இரண்டை, 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு சட்டத்தில் பொருத்துங்கள். மினுக்கத்தைச் சிலிக்கன் ஒளியுணரி மின்துடிப்பாக்கும்; இரண்டிலும் ஒரே கணத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணவேண்டும். சட்டத்தை 45 பாகை சரித்து, ஒரு மணித்தியாலம் கடல் பக்கம், அடுத்தது வாவிப் பக்கம் என மாற்றி மாற்றித் திருப்புங்கள். கல்லடி போல இருபக்கமும் திறந்த இடம் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கொங்கிறீற்றுச் சுவர் இருந்தால் முடிவு பிழைக்கும். திசைக்கு 10,000 எண்ணிக்கை சேர்ந்தால் வழு 1 வீதம். எதிர்பார்க்கும் வேறுபாடு 10 வீதத்தை ஒட்டியது, ஆகவே போதும்.

கெடுப்பவை இரண்டு. முதலாவது ஒளிக் கசிவு: தகட்டின் விளிம்பில் டோர்ச் அடியுங்கள், எண்ணிக்கை ஏறினால் கறுப்பு ரேப் இன்னொரு சுற்று. மற்றது வெக்கை. சிலிக்கன் ஒளியுணரி சூடானால் அதன் பெருக்கம் குறையும்; சிறிய துடிப்புகள் எண்ணுவதற்கான எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் மத்தியானத்தில் எண்ணிக்கை இறங்குவது இதனால்தான். சூரியனின் விளைவு என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மணிக்கொருதரம் திசை மாற்றச் சொன்னதும் இதற்காகத்தான்: முழுக்காலையும் கிழக்கு, முழு மாலையும் மேற்கு என்று எடுத்தால், அளந்தது திசையையா வெப்பநிலையையா என்று பிரிக்கவே முடியாது.