முயல் அசையவே இல்லை, நான்தான் தவறவிட்டேன்

கேள்வி: என்னிடம் பாயிண்ட் டூ டூ (.22) என்ற சிறு குண்டு ரைஃபிள் இருக்கிறது. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் 50 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கிவிடும். புல்வெளியில் முயலைக் கண்டால் மட்டும் இரண்டுக்கு ஒன்று தவறுகிறது. விலை கூடிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாமா?

பதில்: காசு பையிலேயே இருக்கட்டும். நாணயத்துக்குள் சுடும் துப்பாக்கிக்கு ஒரு குறையும் இல்லை. மேசையில் அதைத் தாங்கியது மணல்மூட்டை. புல்வெளியில் தாங்குவது நீங்கள்.

ஓர் அட்டையில் 4 செ.மீ. வட்டம் வரையுங்கள். முயலின் கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே உங்களுக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். அரை மணி நேரம் நடந்துவிட்டு, மூச்சு வாங்குகிறபோதே உட்கார்ந்து ஐந்து குண்டு, முழங்காலிட்டு ஐந்து, நின்றபடி ஐந்து சுடுங்கள். ஐந்தும் வட்டத்துக்குள் விழுகிற தூரம் எதுவோ, அந்த நிலையில் அதுதான் உங்கள் எல்லை. நான் முதல்முறை செய்து பார்த்தபோது நின்று சுட்டால் எனக்கு 20 மீட்டர்கூடத் தேறவில்லை. அதுவரை 60 மீட்டரில் நின்றபடியே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தவன் நான்!

அடுத்தது தூரக் கணிப்பு. மேடுபள்ளமில்லாத புல்லில் 75 மீட்டர் நமக்கு 50 போலவே தெரியும். ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவுக்கு ஸ்கோப்பின் குறியை 50 மீட்டருக்குச் சரிசெய்து வைத்திருந்தால், 75-இல் குண்டு 7, 8 செ.மீ. கீழே இறங்கிவிடும். தலைக்கு வைத்த குறி முன்னங்காலில் படும். எனக்கும் அப்படி நடந்தது. ஒரு மாலை அப்படி அடிபட்ட முயல் மூன்று காலில் தத்தித் தத்தி வளைக்குள் போய்விட்டது. வளை வாயில் ஒரு கொத்து ரோமம் ஒட்டியிருந்தது. இருட்டும்வரை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து சுடப்போகும் இடத்தில் முதலில் காலடி எண்ணி, 50 மீட்டரில் ஒரு புதரையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அதற்கு அப்பால் இருக்கும் முயல் எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் எனக்கு வெறும் காட்சிதான்.

சாய்த்துச் சுட மரமோ வேலிக் கம்போ கிடைத்தால் நல்லது. ஆனால் குழலை நேராகக் கட்டையில் வைக்காதீர்கள், துள்ளி இடம் மாறும். நடுவே உங்கள் உள்ளங்கையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் மடித்த தொப்பி போதும். டிரிகரை அழுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதா? பாதி பேருக்கு இருக்கிறது. இந்தக் குண்டு மெதுவானது, குழலை விட்டு வெளியேறவே கொஞ்சம் நேரம் எடுக்கும். சத்தம் கேட்ட பிறகும் கன்னம் துப்பாக்கிக் கட்டையில்தான் இருக்கவேண்டும்.

ஸ்கோப்பில் ஒன்றே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். துப்பாக்கியை அசையாமல் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். குறிக்கோடு இலக்கின்மேல் நகர்ந்தால், அது பெரிய ரைஃபிளுக்காக 100 மீட்டர் வாக்கில் அமைத்த கண்ணாடியாக இருக்கலாம். கண்ணை ஒவ்வொரு முறையும் நடுவில் வைத்துப் பழகினால் அதையும் சமாளித்துவிடலாம்.

கேள்வி: வேகமான தோட்டா நல்லதா, மெதுவானதா?

பதில்: முயலுக்கு நான் மெதுவானதைத்தான் எடுப்பேன். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்றால், இது அதற்குச் சற்றுக் கீழே போகும். அதனால் 'பளார்' என்ற வெடிப்பு இல்லை, பக்கத்து முயல் காதைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. வேகத் தோட்டா தாழ்வது குறைவு என்பது உண்மை, ஆனால் பக்கக் காற்றில் அதுதான் அதிகம் விலகும். கேட்டால் பலர் நம்பமாட்டார்கள்.

எந்தக் கம்பெனி என்பதை உங்கள் குழல்தான் சொல்லவேண்டும். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, வகைக்கு ஐந்தைந்தாகப் பல முறை சுட்டுப் பாருங்கள். வகை மாற்றியதும் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டுகளின் மேல் பூசிய பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு ஆகும். பிடித்துப்போனால் அதே தயாரிப்பு எண்ணில் (ஒரே தொகுதியில்) மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த எண் வேறு மாதிரி சுடலாம்.

கேள்வி: முயல் எப்போதும் மேட்டின் உச்சியில், வானம் பின்னால் தெரிய உட்கார்ந்திருக்கிறது. சுடலாமா?

பதில்: கூடாது. இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர்வரை போகும். கல்லிலும் ஈர மண்ணிலும் பட்டுத் தெறிக்கவும் செய்யும். பின்னால் மண்சரிவு இருக்கிற பக்கமாகச் சுற்றிப் போங்கள். அதற்குள் அது ஓடிவிட்டால், அப்புறம் என்ன, அன்றைக்கு அது அதன் நாள்.