மின்ட்டில் மெனு எழுத்து மறைந்துவிட்டதா?

திருமங்கலம் தம்பிக்கு,

லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் சின்னமன் திரைமுகப்பில், இறக்கிய தீம் (திரைத் தோற்றத் தொகுப்பு) ஒன்றைப் போட்டதும் மெனு எழுத்து வெள்ளைமேல் வெள்ளையாகிவிட்டது என்கிறீர்கள். மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்தி, ஆங்கிலத்தில் தீம்ஸ் என்று குருட்டாம்போக்கில் தட்டி என்டர் கொடுங்கள். மின்ட்டோடு வரும் மின்ட்-ஒய் தீமைத் தேர்ந்தெடுங்கள். பிறகு உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் (ஃபோல்டரில்) கன்ட்ரோல்+எச் அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் தீம்ஸ் அடைவு தெரியும். அங்கே அந்தச் சனியனை அழித்துவிடுங்கள்.

கணினியைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரும் டைம்ஷிப்ட்டை இதற்கு நம்பாதீர்கள். நாமாக மாற்றாதவரை அது ஹோம் அடைவைச் சேமிப்பதில்லை. உங்கள் அலங்காரமெல்லாம் இருப்பதோ அங்கேதான்.

நானும் முதல் வாரத்திலேயே பேனலை (மெனு இருக்கும் பட்டையை)த் தொலைத்தவன். இப்போது சோதனைக்கென்று தனிப் பயனர் கணக்கு; அதைச் சித்திரைத் தேர்போல எப்படியும் சோடிக்கலாம். என் சொந்தக் கணக்கில் தெப்பக்குளம் படம் மட்டும்தான்.